பேச்சுத்தமிழ் வகுப்பில் 12 வாரங்கள்: ஒரு மதிப்புரை

என் மருமகள் கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவள். திருமணமாகி வேளச்சேரிக்கு வந்து ஓராண்டு கடந்த பின்னும், வீட்டு வாசலைத் தாண்டினால் தமிழ் அவளுக்குக் கைகொடுக்கவில்லை. நான் 28 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தவள். எனவே ஆறு மாதம் நானே அவளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். எழுத்துகளைக் கற்றாள், வேற்றுமை உருபுகளைக் கற்றாள், "நான் நேற்றுச் சந்தைக்குச் சென்றேன்" என்று பிழையில்லாமல் எழுதவும் செய்தாள். ஆனால் தெருமுனைக் கடையில் அரைக் கிலோ கத்தரிக்காயைத் தமிழில் வாங்கி முடிக்க அவளால் இயலவில்லை. "எனக்கு அரைக் கிலோ கத்தரிக்காய் கொடுங்கள்" என்று அவள் சொன்னதில் குற்றம் காண இடமில்லை. கடைக்காரருக்கும் அது புரிந்தது. ஆயினும் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டவுடனே அவர் தமக்குத் தெரிந்த நான்கு இந்திச் சொற்களுக்கு மாறிவிட்டார். வேண்டியது கிடைத்தும் பேச்சு கிடைக்காமல் அவள் வீடு திரும்பினாள். இது பலமுறை நடந்தது.

அதன் பிறகே தென்சென்னையில் ஒரு சிறு குழு, தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத பெரியவர்களுக்காக நடத்திவரும் பேச்சுத்தமிழ் வகுப்பில் அவளைச் சேர்த்தேன். 12 வாரங்கள், சனியும் ஞாயிறும் ஒன்றரை மணி நேரம், ஆக மொத்தம் 36 மணி நேரப் பயிற்சி. கட்டணம் 9,000 ரூபாய். கையேடும் ஒலிப்பதிவுகளும் அதில் அடக்கம். அவளுடன் சேர்த்து ஒன்பது பேர் படித்தார்கள். நானும் அமர்ந்து கவனிக்கலாமா என்று கேட்டபோது, பின்வரிசையில் இருக்க வேண்டும், யாரையும் திருத்தக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளுடன் ஒப்புக்கொண்டார்கள். 24 அமர்வுகளில் 21 அமர்வுகளுக்குப் போனேன். நிறைகளோடு குறைகளையும் வெளிப்படையாக எழுதுவதாலும், நடத்துவோர் மிகச் சிறிய குழுவினர் என்பதாலும், வகுப்பின் பெயரை இங்கே தவிர்க்கிறேன். வேறெந்தப் பேச்சுத்தமிழ் வகுப்பில் சேர நினைப்பவரும் அங்கே எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதை இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

கையேட்டைத் திறந்ததுமே ஒன்று தெரிந்தது. அதில் நிகழ்காலம், இறந்தகாலம், நான்காம் வேற்றுமை என்ற தலைப்புகளே இல்லை. காய்கறிக் கடையில், பேருந்தில், தொலைபேசியில், பந்தியில், மருத்துவரிடம், அடுத்த வீட்டில் என்று இடங்களும் சந்தர்ப்பங்களும்தாம் பாடங்கள். ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் நான்கு கட்டங்கள் இருந்தன: யார் பேசுகிறார், யாரிடம், எங்கே, எதற்காக. இந்த நான்கையும் பார்த்தபோது எனக்குத் தொல்காப்பியச் செய்யுளியலின் முதல் நூற்பாதான் நினைவுக்கு வந்தது. கூற்று, கேட்போர், களன், பயன் என்று அங்கே எண்ணப்படும் உறுப்புகளே இங்கே கட்டங்களாகி நின்றன. அகப்பாட்டில் தலைவி எப்போது பேசலாம், தோழி யாரிடம் எதைச் சொல்லலாம் என்று வகுத்துவைத்த மரபு நம்முடையது. கடைத்தெருப் பேச்சுக்கும் அப்படி ஒரு வகுப்பு உண்டு என்பதை நான் என் வகுப்பறையில் ஒருநாளும் எண்ணிப்பார்த்ததில்லை.

வகுப்பை நடத்தும் ஆசிரியை முதல் நாளில் பக்தினைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசினார். மிகயில் பக்தின் என்ற ரஷ்ய அறிஞர் 1950களின் தொடக்கத்தில் எழுதிய கட்டுரை ஒன்றில், மனிதர் பேசுவது தனித்தனி வாக்கியங்களில் அல்ல, கூற்றுகளில் என்றார். கூற்றின் எல்லையை முற்றுப்புள்ளி தீர்மானிப்பதில்லை. அடுத்தவர் பேசத் தொடங்கும் இடமே அதன் எல்லை. வாழ்க்கையின் ஒவ்வொரு வட்டாரத்திலும் கூற்றுகள் ஏறக்குறைய நிலைத்துவிட்ட வடிவங்களை எடுத்துக்கொள்கின்றன. அவற்றையே அவர் பேச்சு வகைகள் என்றார். அன்றாடப் பேச்சின் எளிய வகைகள் ஒருபுறம், அவற்றை உள்வாங்கி வளரும் நாவல், ஆய்வுரை போன்ற சிக்கலான வகைகள் மறுபுறம் என்று அவர் பிரித்தார். மொழியில் நல்ல ஆளுமை உடையவரும், குறிப்பிட்ட ஒரு வட்டாரத்தின் பேச்சு வகை கைவராவிட்டால் அங்கே திகைத்து நிற்பார் என்பதும் அவர் சொன்னதுதான். கத்தரிக்காய்க் கடையில் என் மருமகள் நின்ற நிலை அதுவே. அவளிடம் வாக்கியம் இருந்தது, கூற்று இல்லை.

கடைப் பாடம் மூன்று அமர்வுகள் நடந்தது, மூன்றும் வேண்டியிருந்தன. முதலில் உண்மையான கடையொன்றில், கடைக்காரரின் ஒப்புதலோடு பதிவுசெய்த பேச்சைக் கேட்கவைத்தார்கள். "அண்ணே, கத்திரிக்கா எப்படி?" "நாப்பதும்மா." "அரை கிலோ போடுங்க, பிஞ்சா பாத்து." "எல்லாம் பிஞ்சுதான்." இந்த நான்கு கூற்றுகளில் 'எனக்கு' இல்லை, 'கொடுங்கள்' இல்லை, 'ரூபாய்' கூட இல்லை. விலையைக் கேட்க 'எப்படி' வருகிறது, தரச் சொல்ல 'போடுங்க' வருகிறது, தரத்தைப் பற்றிய ஐயம் வேண்டுகோளின் வாலாக ஒட்டிக்கொள்கிறது. எல்லாவற்றுக்கும் முன்னால் 'அண்ணே' வருகிறது. இவற்றை வரிசையாகக் கரும்பலகையில் எழுதிவிட்டு, என் மருமகள் முன்பு சொன்ன வாக்கியத்தைப் பக்கத்தில் எழுதி, எந்தச் சொல்லை எடுத்தால் இது கடைப் பேச்சாகும் என்று மாணவர்களையே கேட்டார் ஆசிரியை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு சொல்லாக எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு வகுப்பே பக்கத்துத் தெருக் காய்கறிக் கடையில் நடந்தது.

எச்சவியலில் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களையும் தொல்காப்பியர் பிரித்துச் சொல்வார்: ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று. மூன்றும் கேட்பதுதான், ஆனால் யார் யாரிடம் கேட்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறுகிறது. இன்றைய பேச்சில் அந்த வேறுபாடு வினைச்சொல்லை விட்டு 'ங்க' என்ற விகுதிக்கும் முன்னால் வரும் உறவுச் சொல்லுக்கும் இடம்பெயர்ந்துவிட்டது. 'குடு' என்பதும் 'குடுங்க' என்பதும் 'குடுங்கண்ணே' என்பதும் மூன்று உறவுகள். இதைக் கையேடு ஒரு பக்கத்தில் தெளிவாகச் சொல்கிறது, ஆனால் பழைய இலக்கணத்தோடு இணைத்துக் காட்டவில்லை. அயலாருக்குத் தொல்காப்பியம் எதற்கு என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்; சொன்னால் மகிழ்ந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

உறவுச் சொற்களில் மருமகளுக்கு ஒரு வசதி இருந்தது. வங்காளத்திலும் முன்பின் தெரியாதவரைத் தாதா, தீதி, காக்கு, மாஷி என்று அழைப்பது வழக்கம். முன்னிலைப் பெயரும் ஆப்னி, துமி, துய் என மூன்று படிகள். ஆகவே 'நீ', 'நீங்க' என்ற இரண்டு படிகளும் அண்ணன், அக்கா என்ற அழைப்பும் அவளுக்குப் புதியவை அல்ல. எந்த வயதில் அக்கா முடிந்து அம்மா தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். இதற்கு விதி கிடையாது என்று ஆசிரியை ஒப்புக்கொண்டு, ஐயம் வந்தால் 'அக்கா' என்றே தொடங்குங்கள், யாருக்கும் வருத்தம் வராது என்றார். காவலாளியை 'ஐயா' என்பதா 'அண்ணா' என்பதா, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணை எப்படி அழைப்பது என்பதெல்லாம் விரிவாகப் பேசப்பட்டன. பதவியையும் கூலியையும் பாராமல் வயதைப் பார்த்து அழைக்கச் சொன்ன அந்த அறிவுரையை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

பேருந்துப் பாடம் சுருக்கமானது. "தாம்பரம் ஒண்ணு" என்று வினைச்சொல்லே இல்லாமல் கேட்கவும், "சில்லறை இல்லையா?" என்பது வினா அன்று, ஏவல் என்று அறியவும் கற்பித்தார்கள். ஆனால் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையேட்டிலுள்ள உரையாடலோ ஒரு பெண் காசு கொடுத்துச் சில்லறை வாங்குவதாகவே நீள்கிறது. வகுப்பில் ஐவர் பெண்கள். அந்தப் பக்கத்தை எப்போதோ மாற்றியிருக்க வேண்டும்.

தொலைபேசிப் பாடந்தான் என் கணிப்பில் இந்த வகுப்பின் மிகச் சிறந்த பகுதி. அழைப்பை எடுத்தவுடன் தமிழர் "சொல்லுங்க" என்பார்கள். மலையாளச் செவிலியர் ஒருவரும் ஆந்திரத்திலிருந்து வந்த மென்பொருள் பொறியாளர் ஒருவரும் அதைச் சற்றுக் கடுமையான சொல்லாகவே இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தார்களாம்; 'சீக்கிரம் விஷயத்தைச் சொல்' என்று விரட்டுவதுபோல் ஒலிக்கிறதாம். அது பேச்சுக்குக் கதவு திறக்கும் சொல் என்று தெரிந்ததும் இருவர் முகமும் மலர்ந்தன. முடிக்கும் இடம் இன்னும் நுட்பமானது. "சரி", "அப்ப சரி", "வேற ஒண்ணுமில்லையே?", "வெச்சிடட்டுமா?" என்று படிப்படியாக இறங்கித்தான் பேச்சை வைக்க முடியும், ஒரு படியைத் தவறவிட்டாலும் எதிர்முனையில் இருப்பவருக்கு ஏதோ குறையாகப் படும். என் மருமகள் முன்பெல்லாம் "நன்றி, வணக்கம்" என்று சொல்லி வைத்துவிடுவாள். என் தங்கை அதைக் கோபம் என்று எண்ணிப் பல மாதம் மனத்தில் வைத்திருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அதே வாரத்தில் ஒரு முழு அமர்வை ம் கொட்டுவதற்கே ஒதுக்கினார்கள். இதைப் பாடமாக வைக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்? ஒருவர் கதை சொல்லும்போது கேட்பவர் சும்மா இருந்தால் தமிழில் பேச்சு நின்றுவிடுகிறது. 'ம்', 'சரி', 'அப்படியா', 'அட', 'ஐயோ', 'அப்புறம்' என்ற ஒவ்வொன்றுக்கும் இடம் வேறு. செய்தியின் நடுவில் 'ம்' என்றால் தொடரலாம் என்று பொருள், நீட்டி 'ம்ம்...' என்றால் நம்பிக்கை இல்லை என்று பொருள். 'சரி' என்று இரண்டுமுறை சொன்னால் முடித்துக்கொள்ளுங்கள் என்று பொருள். பதிவுசெய்த ஒரு பாட்டியின் கதையை ஓடவிட்டு, மாணவர்கள் தகுந்த இடங்களில் ம் கொட்ட வேண்டும் என்பது பயிற்சி. முதலில் எல்லாரும் பாட்டியின் வாக்கியம் முடிந்த பிறகு கொட்டினார்கள். உண்மையில் அது வாக்கியத்தின் பாதியிலேயே, 'வந்தாங்கல்ல' என்பதுபோன்ற ஓர் இழுப்பின்மேல் விழ வேண்டும். நான்காம் முறையில் பிடித்துக்கொண்டார்கள். கேட்பவரும் பேச்சை ஆக்குபவரே என்பதை விளக்க நூறு பக்கம் எழுதினாலும் அந்தப் பயிற்சியின் பத்து நிமிடத்துக்கு ஈடாகாது. அன்று மாலை மருமகள் கொல்கத்தாவிலுள்ள தன் தாயிடம் வங்காளத்தில் பேசிக்கொண்டிருந்தபோது தான் எங்கெங்கே ம் கொட்டுகிறோம் என்று தன்னையே கவனித்ததாகச் சொன்னாள்.

விடைபெறும் சொல்லுக்கும் ஓர் அமர்வு. நாம் 'போறேன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்கிறோம். இருப்பவரும் 'போ' என்னாமல் 'போயிட்டு வா' என்கிறார். அவரவர் மொழியில் இந்தச் சந்தர்ப்பத்தில் என்ன சொல்வீர்கள் என்று ஆசிரியை வரிசையாகக் கேட்டார். கன்னடத்தில் 'ஹோகி பர்த்தீனி' என்றார் ஒருவர், தெலுங்கில் 'வெள்ளொஸ்தானு' என்றார் மற்றொருவர், மலையாளமும் 'போயிட்டு வராம்' என்றது. மருமகள் எழுந்து, வங்காளத்தில் 'ஆஷி' என்போம், 'வருகிறேன்' என்று மட்டும் பொருள், போவதைப் பற்றிய பேச்சே கிடையாது என்றாள். சில நொடிகள் வகுப்பு அமைதியாக இருந்தது. எல்லாருக்கும் முன்பே தெரிந்த ஒன்றைத் தமிழ் உடையில் பார்த்ததுபோல் இருந்தது. பெரியவர்கள் இரண்டாம் மொழியைக் கற்க வரும்போது வெறுங்கையோடு வருவதில்லை என்பதையும், அவர்கள் கொண்டுவரும் பேச்சு வகைகளைக் கேட்டறிந்து அவற்றின்மேல் கட்டினால் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பதையும் நான் அங்கே கண்டேன். இரண்டாம் மொழி கற்பிக்கும் எந்த வகுப்பும் செய்யக்கூடிய, பெரும்பாலான வகுப்புகள் செய்யாத காரியம் இது.

இலக்கணத்தைச் சொல்லித்தருவதே இல்லையா என்று கேட்பவர்களுக்கு: தருகிறார்கள், ஆனால் சந்தர்ப்பம் கேட்கும்போதுதான் தருகிறார்கள். 'எனக்கு வேணும்', 'எனக்குத் தெரியும்', 'எனக்கு வலிக்குது' என்று எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் நான்காம் வேற்றுமை வருவது வெளிமொழியாருக்குப் பெரிய தடை. அதை மருத்துவர் பாடத்தில் வைத்தார்கள். "உடம்புக்கு என்ன பண்ணுது?" என்ற வினாவே அந்த அமைப்பைக் கையில் கொடுத்துவிடுகிறது. "மூணு நாளா தலை வலிக்குது" என்பதில் 'ஆ' என்னும் விகுதி காலநீட்சியைச் சொல்கிறது. 'வரலாம்', 'வரணும்' என்பவை அழைப்புப் பாடத்திலும், 'வந்தா', 'முடிஞ்சா' என்பவை தொலைபேசிப் பாடத்திலும் வந்து சேர்கின்றன. இப்படி வரும் இலக்கணம் சிதறிக் கிடக்கிறது என்பது உண்மைதான். பின்னிணைப்பாக இரண்டு பக்க வாய்பாடு இருந்தால் வீட்டில் தொகுத்துப் பார்க்க வசதியாக இருக்கும். இப்போது அது இல்லை. மருமகளுக்கு நானே எழுதிக்கொடுத்தேன்.

வினாவும் விடையும் பற்றிய பாடத்தில்தான் இவர்கள் கையருகே இருந்த செல்வத்தை எடுக்காமல் விட்டார்கள். மறைமுகமாக மறுப்பது எப்படி என்று இரண்டு அமர்வுகள் நடத்தினார்கள். 'பாக்கலாம்' என்றால் பெரும்பாலும் இல்லை என்று பொருள், பந்தியில் முதல் 'வேண்டாம்' மறுப்பாகாது, 'போதும்' என்று இலையின்மேல் கையை நீட்டினால்தான் மறுப்பு என்பவை பயனுள்ள குறிப்புகள். ஆனால் அவை தனித்தனிக் குறிப்புகளாகவே நின்றன. "செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்" என்றும், வினாவுக்கு எதிராக வரும் வினாவும் விடையே என்றும் தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் எட்டு வகை விடைகளை வகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடி விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் சுற்றிவந்து அதே பொருளைத் தருபவை. 'கடைக்குப் போறியா?' என்றால் 'நீயே போ', 'போகாம இருப்பேனா?', 'கால் வலிக்குது', 'கால் வலிக்கும்' என்றெல்லாம் வருகின்றன. ஆடத் தெரியுமா என்று கேட்டால் பாடத் தெரியும் என்பது இனமொழி. நம் பள்ளிப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் இந்தப் பட்டியல், வெளிமொழியாருக்குத் தமிழர் வீட்டுப் பேச்சின் திறவுகோல். அழைப்பிதழ் கொடுக்க வந்தவரிடம் 'வராம இருப்பேனா?' என்று சொல்லக் கற்றுக்கொண்டவருக்குத் தமிழில் ஒரு வீடே திறந்துவிடும். பின்வரிசையில் வாய்மூடி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு அன்று மட்டும்தான் கடினமாக இருந்தது. வகுப்பு முடிந்தபின் ஆசிரியையிடம் சொன்னேன்; குறித்துக்கொண்டார்.

இனிக் குறைகள். கையேட்டில் முதல் நான்கு வாரங்கள் பேச்சை ஆங்கில எழுத்தில்தான் தருகிறார்கள். லகரமும் ளகரமும் ழகரமும் அங்கே ஒரே எழுத்தாகிவிடுகின்றன. ரகர றகரமும் அப்படியே. பொருள் மாறிப்போகும் இடங்களில் மாணவர்கள் ஒலிப்பதிவை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. முன்பே எழுத்தறிந்த என் மருமகளுக்கு இது பின்னடைவாகவே இருந்தது. பேச்சைத் தமிழ் எழுத்திலேயே எழுத முடியும். 'வந்துட்டேன்', 'குடுங்க' என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் விலகி நிற்கும் இரட்டை வழக்கு மொழியைக் கற்பிப்பவர்கள் இந்தத் தயக்கத்தை முதலில் களைய வேண்டும். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் பேச்சுத்தமிழுக்குப் பள்ளி வகுப்பறையிலேயே இடம் தந்தார்கள். பேச்சுக்கென்றே நடத்தப்படும் ஒரு தனி வகுப்பு அதை எழுதிக்காட்டக் கூச வேண்டியதில்லை.

ஒலிப்பதிவுகளில் கடைக்காரரையும் பாட்டியையும் தவிர மற்றெல்லாரும் ஒரே விதமாக, படித்தவர் பேச்சாகப் பேசுகிறார்கள். ஆட்டோக்காரரின் குரலும் அப்படியே இருப்பது ஏற்கும்படி இல்லை. 'இன்னா', 'குந்து', 'அப்பால' என்ற சொற்களைச் சென்னையில் ஒருநாள் சுற்றினாலே கேட்கலாம். அவற்றைப் பேசக் கற்பிக்க வேண்டாம். கேட்டால் விளங்கிக்கொள்ளவாவது கற்பிக்க வேண்டும். அதேபோல் எல்லா உரையாடலும் இருவருக்கு இடையிலேயே நடக்கிறது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் நம் வீட்டுக் கூடத்தில் எப்போது உள்ளே நுழைவது என்பது கற்பவருக்குப் பெரிய துன்பம். அதற்கு ஓர் அமர்வும் இல்லை.

எழுத்து வகைகளுக்குக் கடைசி வாரத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். பேருந்துப் பலகை, குடியிருப்பு அறிவிப்பு, வாட்ஸ்அப் செய்தி, திருமண அழைப்பிதழ் எல்லாம் இரண்டே அமர்வில் ஓடி மறைந்தன. அதில் மதிப்பிட ஒன்றுமில்லை.

என்னை மிகவும் வருத்திய குறை வேறொன்று. ஒன்பதாம் வாரத்தில் எதிர்வீட்டுப் பெரியவர் காலமானார். நானும் மருமகளும் துக்கம் கேட்கப் போனோம். அவள் அமைதியாக அமர்ந்திருந்தாள். அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் முறையாகவே இருந்தது. எழுந்தபோது, வகுப்பில் அவ்வளவு மகிழ்ச்சியோடு கற்றதைத் தெளிவான உச்சரிப்பில், "போயிட்டு வரேம்மா" என்று சொல்லிவிட்டாள். இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அந்த அம்மாள் அவள் தோளைத் தட்டி அனுப்பினார், அவருக்குப் புரிந்திருந்தது. துக்க வீட்டிலிருந்து சொல்லாமல் எழுந்து வருவதே நம் வழக்கம் என்று வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னபோது அவள் அழுதுவிட்டாள். முன்பே சொல்லாதது என் தவறும்தான். ஆனால் ஒரு சொல்லை அது வழங்கும் எல்லாச் சந்தர்ப்பங்களோடும் கற்பிக்கிறோம் என்பவர்கள், அது வழங்கக் கூடாத ஒரே இடத்தையும் கற்பித்திருக்க வேண்டும். பேசாமல் இருக்க வேண்டிய இடமும் அந்தப் பேச்சு வகையைச் சேர்ந்ததே. கடையையும் பேருந்தையும் தவறாகக் கையாண்டால் சிறு சங்கடத்தோடு போய்விடும், இது அப்படிப்பட்டதன்று.

வகுப்பு முடிந்தபின் இதை விரிவாக ஒரு கடிதமாக எழுதி அனுப்பினேன். ஒரு வாரத்துக்குள் ஆசிரியையே தொலைபேசியில் அழைத்தார். அடுத்த குழுவுக்கான கையேட்டில் துக்க வீடு என்ற பாடத்தைச் சேர்த்து, அச்சிடும் முன் என் பார்வைக்கு அனுப்பினார். நுழையும்போது என்ன செய்வது, எதைக் கேட்கக் கூடாது, எவ்வளவு நேரம் இருப்பது என்பவற்றை அடக்கமாக எழுதியிருந்தார். எட்டு வகை விடைகளும் ஒரு பக்கத்தில் இடம்பெற்றிருந்தன. ஆங்கில எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. அதை மாற்ற இன்னும் ஓராண்டு ஆகும் என்றார்.

ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலின்படி ஏ2 நிலையை, அதாவது ஆறு படிகளில் கீழிருந்து இரண்டாவதை, எட்டலாம் என்று அறிவிப்பில் சொல்கிறார்கள். பேசும் திறனில் மருமகள் அதை எட்டிவிட்டாள் என்றே மதிப்பிடுகிறேன். கேட்டு விளங்கிக்கொள்வதில், அதுவும் பலர் பேசும் இடத்தில், இன்னும் எட்டவில்லை. படிப்பது அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்த முந்தைய ஆறு மாதத்திலேயே வந்தது, எனவே அதில் வகுப்புக்குப் பங்கு குறைவு. 36 மணி நேரத்துக்கு 9,000 ரூபாய் என்பது மிகுதி இல்லை. ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்பதையும், தவறிய அமர்வுக்கு அடுத்த குழுவோடு அமர அனுமதிப்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சென்னையில் குடியேறி வேலைக்கும் கடைக்கும் மருத்துவமனைக்கும் தமிழ் தேவைப்படுபவர், திருமணத்தால் தமிழ்க் குடும்பத்துக்கு வந்தவர், இவர்களுக்கெல்லாம் இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாளிதழ் படிக்கவும் இலக்கியத்துக்குள் போகவும் விரும்புபவர் வேறிடம் பார்க்கலாம். இரண்டாம் நிலை வகுப்பு இன்னும் தொடங்கவில்லை. கூடத்தில் பலரோடு பேசுவதையும் நகரின் மற்றக் குரல்களைக் கேட்பதையும் அதில் வையுங்கள் என்று கேட்டிருக்கிறேன். தொடங்கினால் மருமகள் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பாள். இப்போது கடைக்கு அவள் தனியாகத்தான் போகிறாள். போன வாரம் கத்தரிக்காய் சொத்தையாக இருந்ததென்று திரும்ப எடுத்துப்போய், "என்னண்ணே, பிஞ்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டு மாற்றி வாங்கிவந்தாள். கடைக்காரர் இந்தியில் ஒரு சொல்லும் பேசவில்லையாம்.